பின்சக்கரத்தின் பிணி

ஓடும் வண்டியின் வேகத்தைப் புகழ்வோர் பலர். அதனை நிறுத்தும் கருவியின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. காஜாங் வட்டாரத்துத் தோட்டச் சாலைகளில் அவ்வரலாற்றின் ஒரு பகுதி எழுதப்பட்டது.

உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த காஜாங், மலாயா ரப்பரின் தொட்டில்களுள் ஒன்று. 1890களில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் பயிரிட்டனர். அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் தமிழர் பால்மரம் சீவினர். மேடும் பள்ளமுமான செம்மண் பாதைகள் மழை பெய்தால் சேறாகிவிடும்.

1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வண்டி அறிமுகமாயிற்று. அவ்வாண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது; 1960 வரை நீடித்தது. படையினரும் காவலரும் தோட்டத் துரைமாரும் இவ்வகை வண்டிகளை நாடினர். துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சி வண்டிகளுக்கு இரும்புத் தகடு பூட்டியதும் உண்டு. தகடு உயிரைக் காத்தது. ஆனால் அதன் பாரத்தைப் பிரேக் அன்றோ சுமக்க வேண்டியிருந்தது!

டிரம் வந்த வகை

பிரான்சு நாட்டு லூயி ரெனோ 1902இல் டிரம் பிரேக்கைச் செம்மையான வடிவில் அமைத்தார். சக்கரத்தோடு சுழலும் முரசு போன்ற உருளையின் உட்புறத்தை, பிறை வடிவான இரு ஷூக்கள் விரிந்து அழுத்தும். உருளையின் சுழற்சியே ஒரு ஷூவை மேலும் இறுக்கிக் கொடுக்கும். சிறு அழுத்தத்தில் பெரும்பிடி கிடைப்பது இதனால்தான். 1921இல் டியூசன்பர்க் வண்டி நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தப் பிரேக்கைக் கொண்டு வந்தது. லேண்ட் ரோவரும் அம்முறையையே கைக்கொண்டது.

வண்டி நிற்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆதலால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. பின்பிரேக் நலிந்தாலும் சமதரையில் ஓட்டுநருக்குத் தோன்றாது. ஆட்களையும் சரக்கையும் ஏற்றி மேட்டில் ஏறுகையில் எஞ்சின் நின்று, வண்டி பின்னோக்கி உருளும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது பாரம் பின்சக்கரங்களின் மேல் அல்லவா இருக்கிறது!

பிணியை அறியும் முறை

பழைய லேண்ட் ரோவரின் கைப்பிரேக் பின்டிரம்மில் வேலை செய்வதன்று. கியர்ப் பெட்டிக்குப் பின்னுள்ள தனி டிரம்மில் பிடிப்பது. ஆகவே, 'கைப்பிரேக் நன்றாயிருக்கிறது, பின்சக்கரமும் நன்றே' என்று முடிவு கட்டுதல் பிழை.

முதலில் மிதியைச் சோதிக்க வேண்டும். முதல் மிதியில் தாழ்ந்து மறுமிதியில் உயர்ந்தால் ஷூக்கள் தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கும். பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்திய கால் மெல்ல இறங்கினால் எண்ணெய் கசிகிறது, அல்லது தலைமைச் சிலிண்டரின் ரப்பர் கெட்டது. பின்னர், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எப்பக்கம் பிடிக்கவில்லை என்பது புலப்படும்.

டிரம்மைக் கழற்றியதும் ஈரத்தின் தன்மையைக் காண்க. நீர்த்த எண்ணெயாயின் சக்கரச் சிலிண்டர் கசிகிறது. தடித்து, கந்தக நெடி வீசுமாயின் அச்சுப்பெட்டியின் எண்ணெய். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை. இருபக்கமும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். ஆனால் மாற்றுவதோடு முடிந்துவிடாது. அச்சின் மேலுள்ள மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டால், சூட்டினால் அழுத்தம் மிகுந்து, எண்ணெய் சீலைத் தாண்டி வெளிவரும். துளையைத் திறக்காமல் லைனிங்கை மாற்றுவோர் அதே வேலையை மறுபடியும் செய்வர். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் நாட்டு வெப்ப ஈரத்தில் சிலிண்டரும் துருவேறி இறுகும்.

தூசியில் மறைந்த பகை

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மில் படிந்த தூசியைக் காற்றால் ஊதுவது பட்டறை வழக்கம். அத்தூசி நுரையீரல் நோயும் புற்றுநோயும் தரும் என்பது பின்னரே ஊரறிந்த உண்மையாயிற்று. பிரிட்டன் 1999இல் வெண்கல்நாரையும் தடை செய்தது. இன்றும் பழைய வண்டியைத் திறப்போர் தூசியை ஊதலாகாது. நனைத்துத் துடைக்க வேண்டும்.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக்கைப் பெற்றது. ஆயினும் டிரம் மறையவில்லை. பழைய வண்டிகளில் அது இன்றும் சுழல்கிறது. எண்ணெயின் நிறத்தையும் நெடியையும் கொண்டு பிணியின் வேரைக் காணும் அறிவு, ஏட்டில் ஏறாத தோட்டப் பட்டறைக் கல்வி. அதைப் போற்றிக் காத்தல் நம் கடமை.