ஏழு பேர்ச் மேட்டுக்கு எந்த உழவு மெஷின்?

"அண்ணே, கொத்துற மெஷின் ஒன்னு எடுத்திருக்கோம். அரை ஏக்கர் அரை நாள்ல முடியுது. நீங்களும் ஒன்னு வாங்குங்க" என்று கிளிநொச்சியிலிருந்து சின்னம்மா மகன் சொன்னான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அதுவும் ஒன்று. அவனுடையது தட்டை நிலம். ஹற்றனுக்கு மேலே என்னுடையது சரிவு.

முதலில் நிலத்தை அளந்து பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் சுமார் 1,900. அதில் 550 சதுர அடி வீடு, படிக்கட்டு, கான், மலசலகூடக் குழி எல்லாம் போக ஆயிரம் சதுர அடி மிஞ்சினால் அதிர்ஷ்டம். அதுவும் இரண்டு மூன்று தட்டாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு முள்ளும் மம்பட்டியும் போதும் என்பதே என் எண்ணம். ஆனால் காலையில் கொழுந்துக்குப் போய் மாலையில் வரும் பெண்தான் அந்த முள்ளையும் பிடிக்கிறாள். அதனால் மெஷின் வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

பின்பக்கம் கத்தி சுழலும் பெரிய வகையில் சில்லுகளும் இயந்திர வலுவில் ஓடும். அது வன்னிக்குச் சரி. இங்கே அதைப் படியில் தூக்கவும் முடியாது, ஒடுங்கிய தட்டில் திருப்பவும் முடியாது. முன்பக்கக் கத்தியே இழுத்துக்கொண்டு போகும் வகை சிறியது. கால் ஏக்கரில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு அது உதவும். பத்துக் கிலோ அளவிலான கைமெஷின் புதுத் தரையைக் கிளறாது. ஏற்கனவே கொத்திய பாத்தியை மட்டும் பொலபொலப்பாக்கும். வயர் இழுக்கும் மின்சார மெஷின் விலை குறைவுதான். பழைய வயரிங் உள்ள லயத்திலிருந்து ஈர மண்ணுக்கு வயர் இழுப்பதை நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன்.

கடைக்காரர் குதிரைவலுவைச் சொல்வார். உயரம் கூடக்கூட காற்று மெலிந்து, பெற்றோல் இயந்திரம் 300 மீற்றருக்குச் சுமார் 3 வீத வலுவை இழக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கு போய்விடும்.

சரிவு அதைவிட மோசம். சிறிய நாலு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பல 20 பாகைக்கு மேல் சாய்ந்தால் ஒயில் சரியாக ஏறாமல் இறுகிவிடும். உழுவதும் சரிவுக்குக் குறுக்கே மட்டும்தான். இரவல் மெஷினோடு ஒருமுறை தட்டு விளிம்புவரை போனேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. கல் கட்டில் நாலடி சரிந்தது. இப்போது விளிம்பிலிருந்து இரண்டடி விட்டு, அந்த இடத்தை முள்ளால் குத்துகிறேன். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண் இறங்கியதைப் பார்த்த நமக்கு, மழைக்காலத்தில் மேட்டைக் கிளறாதே என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஈர மண்ணில் சுழல் கத்தி ஓட்டினால் அடிமண்ணும் இறுகி, தண்ணீர் இறங்காமல் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

வன்னியில் மீளக்குடியேறிய உறவுகளுக்கும் ஒன்று. கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணியில் மட்டும் மெஷினை இறக்குங்கள். இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

தனியாக வாங்குவதைவிட ஐந்தாறு வீடு சேர்ந்து ஒன்று எடுப்பது நல்லது. காசு கொடுக்கமுன் ஆறிய இயந்திரத்தை உங்கள் கையாலேயே ஸ்டார்ட் பண்ணுங்கள். ரிவேர்ஸ் கியர் இருக்கிறதா, கைப்பிடியை விட்டதும் கத்தி நிற்கிறதா, மாற்றுக் கத்தி ஹற்றனிலேயே கிடைக்குமா என்று பாருங்கள். பிறகு அதை ஓட்டப்போகிறவரையும் கூட்டிப்போய், இரண்டு பேராகத் தூக்கிப் பாருங்கள்.