பூட்டுத் தொழிலாளியின் மகன்

நம் வீட்டு மின்சார இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், வகுத்துப் பார்க்க மின்தடை 46 ஓம். பெருக்கிப் பார்க்க மின்திறன் 1150 வாட்.

இதில் தடைக் கணக்கை நமக்குத் தந்தவர், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமாகவே படித்து, மகனுக்கும் கணிதம் புகட்டியவர். பள்ளி ஆசிரியரான ஓம், கம்பி நீள நீள மின்னோட்டம் குறைவதை அளந்து ஆராய்ந்தார். 1827இல் தம் முடிவுகளை நூலாக்கினார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. மனம் நொந்து மறு ஆண்டே பதவி விலகினார். 1841இல்தான் இலண்டன் ராயல் சங்கம் கோப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

இன்று மின்தடையின் அளவைக்கே அவர் பெயர். இக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கணக்கையும் அவர்களோடு அமர்ந்து போட்டுப் பார்ப்போம்.