ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்தாலும் அரைமணியில் சாப்பாடு... கொங்கு வீடுகளின் குக்கர் கணக்கு!

காலை எட்டரைக்கு கம்பெனி வாசல், ராத்திரி எட்டரைக்குத்தான் மறுபடி வேன். பெருமாநல்லூர் தாண்டி கோபி போகும் வழியில் இருக்கும் குன்னத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பனியன் வேலைக்குப் போகிற வீடுகளில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் இதுதான் அர்த்தம். வீடு வந்து சேரும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் மெஷினில் குனிந்த முதுகு, செக்கிங் டேபிளில் நின்ற கால். அதற்கப்புறம் அடுப்பைப் பற்ற வை என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? 'பேசாம நாலு பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துருங்க' என்ற போன், சோம்பேறித்தனத்தில் வருவது இல்லீங்க. உடம்பில் தெம்பு இல்லாததால் வருவது.

ஆனால் வாரத்தில் நாலு நாள் அதே பார்சல் என்றால், சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளம் செவ்வாய்க்கிழமையே இளைத்துவிடும். உடம்பும் கூடவே இளைக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வருவதை 'தூக்கம் பத்தல' என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் தூக்கம் மட்டும் காரணம் இல்லை.

இதற்கு யூடியூபில் புது ரெசிபி தேட வேண்டாம். நம்ம ஊரிலேயே பதில் இருக்கிறது.

அரிசிம்பருப்பு இருக்க பயமேன்?

கொங்குப் பக்கம் பிறந்தவர்களுக்கு அரிசிம்பருப்பு சாதத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. ரெண்டையும் ஒன்றாகக் கழுவி ஊறப்போட்டுவிட்டு முகம் கழுவி வாருங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், நாலு மிளகு, ரெண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், அஞ்சாறு பல் பூண்டு. வெங்காயத்தை நறுக்கக்கூட வேண்டாம், தட்டிப் போட்டால் போதும். ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடுங்கள். மூணு, நாலு விசில். ரேஷன் புழுங்கலரிசி என்றால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் கூட்டிக்கொள்ளலாம். குழைந்தால் தப்பில்லை, குழைந்தால்தான் ருசி.

நீங்கள் அடுப்படியில் நிற்பது பத்தே நிமிஷம். மீதி வேலையை குக்கர் பார்த்துக்கொள்ளும். மேலே ஒரு சின்னப் பாத்திரத்தில் ரெண்டு முட்டையோ உருளைக்கிழங்கோ வைத்துவிட்டால் தொட்டுக்கொள்ளவும் ஆச்சு, கேஸும் மிச்சம்.

செலவு? ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரை டம்ளர் பருப்பு சுமார் 100 கிராம் வரும், அதாவது மூணு ரூபாய். மாசம் ஒரு கிலோ பருப்பு என்றால் நாலு பேர் வீட்டுக்குப் பத்து தடவை ஓடும். அரிசியில் குறைவாக இருக்கும் ஒரு புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. ரெண்டும் சேரும்போதுதான் உடம்புக்கு முழுசாகப் பயன்படும். இதே காரணத்தால்தானோ என்னவோ, இங்கே வேலை செய்யும் பீகார் தம்பிகள் ரூமிலும் ராத்திரி கிச்சடிதான் கொதிக்கிறது. எகிப்தில்கூட அரிசியும் பருப்பு வகையும் சேர்ந்த கோஷரிதான் தெருக்கடைச் சாப்பாடு.

ஊத்துக்குளி வெண்ணெய் பக்கத்து ஊர்ச் சரக்கு. காசிருக்கும் வாரத்தில் கொஞ்சம் வாங்கி உருக்கி வைத்தால், ஒரு ஸ்பூன் நெய் போதும், குழந்தைகள் தட்டை வழித்துவிடும்.

பருப்பு தீர்ந்த பிறகு...

மாசக் கடைசிக்குக் கொள்ளு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் கொள்ளை ஊறப்போட்டுவிட்டுப் போங்கள். கோடை வெயிலில் புளித்துவிடும் என்று தோன்றினால் மதியம் வீட்டில் இருக்கும் அப்புச்சியையோ அம்மாயியையோ ஒரு தடவை தண்ணீர் மாற்றச் சொல்லலாம். ராத்திரி வந்ததும் ஆறு விசில். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. பருப்பை வரமிளகாய், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் சோத்துக்கு. ஒரே வேக்காட்டில் குழம்பும் ரசமும் கிடைக்கிற பொருள் வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்? பச்சைப்பயறு இதைவிடச் சுலபம், ஊறவைக்காமலேயே வெந்துவிடும்.

முருங்கைக்கீரை வீதிக்கு வீதி நிற்கிறது. அதை உருவுவதுதான் பாடு. ராத்திரியே துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும். அரிசிம்பருப்பு கொதிக்கும்போதே ஒரு பிடி போட்டுவிடுங்கள், தனியாகப் பொரியல் எதற்கு? சாப்பிடும்போது எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். அதைக் கெடுப்பது டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறைகிறது. கம்பெனி டீ டைமை மாற்ற முடியாது, சரி. மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைக்குப் போய்க் குடிக்கும் அந்த இன்னொரு டீயையாவது ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாமே!

காலை அவசரத்துக்கு

பழைய சோறு. ராத்திரிச் சோறு ஆறியதும் முழுகும்படி தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போதும். அடுப்பே தேவையில்லை. லேசான புளிப்பு வாசம் இருக்கலாம். வழவழப்போ கெட்ட நாற்றமோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் இரவு முழுக்க வெளியே கிடந்த சாதத்தைச் சூடுபண்ணிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு, சூடுபண்ணினாலும் போகாது.

டிபன் பாக்ஸுக்கும் இந்தக் கவனம் வேண்டும். ஆவி பறக்கப் பறக்க மூடினால் மதியம் ஒரு மணிக்குள் ஊசிப்போகும். கட்டும் நாளில் தேங்காய்ச் சட்னி வேண்டாம். புளி சேர்ந்த எதுவும் தாங்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்றால் காலைக் கவலை ஒன்று குறைகிறது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. 'எம்புள்ளைக்கு ஊட்ல சோறில்லைன்னு நெனச்சுக்குவாங்க' என்று கூச்சப்பட்டு அனுப்பாத வீடுகளும் உண்டு. கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்

இருக்கிறதே ஒரு நாள் லீவு, அதிலும் வேலையா என்று கேட்பீர்கள். டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்து செய்யும் வேலைதான். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வைப்பது, பருப்புப்பொடி ஒரு பாட்டில் அரைப்பது, தக்காளி விலை இறங்கியிருந்தால் எண்ணெய் தாராளமாக விட்டு ஒரு தொக்கு கிண்டுவது. ஈரக்கரண்டி படாமல் இருந்தால் பிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் பொடி வாரக்கணக்கில் தாங்கும். தொக்கை நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். உரித்த வெங்காயம் பிரிட்ஜ் இல்லாவிட்டால் மறுநாளைக்கு மட்டும்.

இன்னொன்று. ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீட்டில், ஒருத்தர் செல்போனோடு கட்டிலில் சாய, இன்னொருத்தர் மட்டும் அடுப்படியில் நிற்பது என்ன கணக்கு? அரிசிம்பருப்பு செய்யப் பெரிய கைப்பக்குவம் வேண்டாம். விசில் எண்ணத் தெரிந்தால் போதும். மாப்பிள்ளைகளும் மாமன்களும் திங்கள், புதன், வெள்ளியை எடுத்துக்கொள்ளலாம். குக்கர் கழுவுவதும் அவர்கள் கணக்கிலேயே சேரும்.