வார்னிஷ் ஏன் உரிகிறது? செடார் மரம் சொல்லும் கதை



வாசல் கதவோ, பால்கனி பெஞ்சோ, மொட்டை மாடி பெர்கோலாவோ, வேலை முடிந்ததும் ஆசாரி கேட்பது ஒன்றுதான்: "பெயிண்டா, வார்னிஷா?" காசு கொடுத்து நல்ல மரம் வாங்கியவர்கள் பெயிண்டுக்குச் சம்மதிப்பதில்லை. "மரத்தோட ரேகை தெரியணும், கிளியரா ஏதாவது அடிங்க" என்கிறோம். வெயிலும் மழையும் நேரே படும் இடமென்றால் ஓரிரு வருடத்தில் அது செதில் செதிலாக உரிகிறது. உடனே ஆசாரியைக் குறை சொல்கிறோம். ஆனால் வட அமெரிக்காவில் செடார் மர வீடுகளில் குடியிருந்தவர்கள் இதே பாட்டை எப்போதோ பட்டு முடித்துவிட்டார்கள். அவர்கள் கற்றதைத் தெரிந்துகொண்டால் நம் பராமரிப்புச் செலவு குறையும்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளர்வது வெஸ்டர்ன் ரெட் செடார். பெயரில் செடார் இருந்தாலும் இது நம் இமயத்துத் தேவதாருவின் இனமல்ல. தூஜா என்ற வேறு இனம். ஹைடா போன்ற கரையோரப் பழங்குடிகள் இதைக் குடைந்து படகு செய்தார்கள், பலகையாகப் பிளந்து வீடு கட்டினார்கள். இதன் வைரப் பகுதியில் இயற்கையாகவே உள்ள சில வேதிப்பொருள்கள் பூஞ்சையைத் தடுப்பதால் எளிதில் உளுத்துப் போகாது. ஆனால் வெயிலில் விட்டால் செம்பழுப்பு நிறம் போய், வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் செம்பழுப்பைக் காப்பாற்றும் ஆசையில்தான் தெளிவான பூச்சுகளைத் தேடினார்கள்.

முதலில் கைக்குக் கிடைத்தது கப்பல்காரர்களின் ஸ்பார் வார்னிஷ். ஸ்பார் என்றால் பாய் கட்டும் மரத்தண்டு. காற்றில் அது வளையும்போது பூச்சும் வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் அதிகம் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ் அது. கப்பலில் அடிக்கடி தேய்த்துப் பூச ஆட்கள் இருந்தார்கள். வீட்டுச் சுவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

உரிவதற்கான காரணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1910-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகத்தார். மர நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. தெளிவான பூச்சு கண்ணாடி ஜன்னல் மாதிரி. நம் கண்ணுக்கு ரேகையைக் காட்டும் அதே வழியாக வெயிலையும் உள்ளே விடுகிறது. பூச்சு நன்றாக இருக்கும்போதே அடியில் மரத்தின் மேற்பரப்பு பொடியாகிறது. பிடிமானம் போனதும் பூச்சு கழன்று வருகிறது. விலை உயர்ந்த வார்னிஷாக இருந்தாலும், புற ஊதாத் தடுப்பு சேர்த்திருந்தாலும், இது தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

இதற்கு விடையாக 1950-களில் அந்த ஆய்வகம் தந்தது 'மேடிசன் ஃபார்முலா'. ஆளிவிதை எண்ணெய், சிறிது மெழுகு, பூஞ்சைக்கொல்லி, கூடவே இரும்பு ஆக்சைடு கொண்ட மண் நிறமிகள். நம்மூர்க் காவிக்கு உறவுதான் அந்த நிறமி. அது வெயிலைத் தடுத்தது, ரேகையை மறைக்கவில்லை. எண்ணெய் மரத்துக்குள் ஊறியதால் மேலே உரிவதற்குப் படலமே இல்லை. மங்கினால் கழுவிவிட்டு மறுபடி பூசினால் போதும். அதில் சேர்த்த பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி நச்சு என்று தெரிந்து 1980-களில் அங்கே கட்டுப்படுத்தப்பட்டது. இன்று வேறு மருந்துகள் சேர்க்கிறார்கள். முறை மட்டும் அதேதான்.

இன்னொரு வழியைக் காட்டியது நம்மைப் போன்ற ஓர் அடுக்குக் குடியிருப்பு. கலிபோர்னியக் கடற்கரையில் சீ ரேஞ்ச் என்ற இடத்தில் 1965-இல் 10 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் எழுந்தது. அதன் வெளிச்சுவர் ரெட்வுட் பலகை. நிறத்தைக் காக்கப் போராடாமல், கடற்காற்றில் சாம்பல் நிறமாகட்டும் என்று விட்டார்கள். அந்தச் சாம்பல் நிறமே அதன் அழகாகிப் போனது. வெயிலும் மழையும் மென்மரத்தை நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் அரிக்கும். எனவே அது துணிச்சலான முடிவே தவிர அசட்டு முடிவல்ல.

மேடிசன் ஆய்வகம் இன்னொன்றையும் சோதித்தது. செடார் பலகைகளைச் சில வாரம் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு பெயிண்ட் அடித்தார்கள். வெயிலே படாத பலகையில் பெயிண்ட் 20 ஆண்டு நின்றது. 4 வாரம் பட்டதில் 6 ஆண்டிலும், 16 வாரம் பட்டதில் 3 ஆண்டிலும் உரியத் தொடங்கியது. "மாட்டிவிடுவோம், பூச்சு அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதன் விலை இதுதான்.

இனி, தேக்கோ செடாரோ, நீங்கள் பூச்சு தேர்ந்தெடுக்கும்போது:

• வெயில் நேரே விழும் இடமா? லேசான நிறமுள்ள, மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சைக் கேளுங்கள். முழுத் தெளிவு வேண்டாம்.

• கூரைக்கு அடியில் உள்ள கதவா? ஸ்பார் வார்னிஷ் சரிவரும். பளபளப்பு மங்கும்போதே உப்புத்தாள் தேய்த்து மறுகோட் அடியுங்கள். உரிய ஆரம்பித்தால் முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும்.

• பலகையின் வெட்டுமுனைகளை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் அதிகம் உறிஞ்சுவது அங்கேதான்.

• ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, திறந்த வெளியில் விரித்து உலர்த்தியோ பிறகு அப்புறப்படுத்துங்கள். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் இது.

அடுத்த முறை ஆசாரி "பெயிண்டா, வார்னிஷா?" என்று கேட்டால், பதிலுக்கு முன் மணி பன்னிரண்டுக்கு அந்த மரத்தின் மேல் வெயில் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.