பிள்ளைப்பேற்றுக் காயமும் சொல்வழக்கும்: சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

பிள்ளைப்பேற்றின்போது பிறப்புவாய்க்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி கிழிவதுண்டு. பெரும்பாலான கிழிவுகள் சிறியவை, விரைவில் ஆறிவிடுபவை. கிழிவு மலவாயைச் சூழ்ந்த சுருக்குத்தசைவரை ஆழ்ந்துவிடின் நிலைமை வேறு. தைத்த பின்னரும் பல மாதக் கண்காணிப்பு வேண்டியிருக்கும். அக்கண்காணிப்புத் தாய் சொல்லும் சொல்லைப் பெரிதும் சார்ந்தது. காற்றையோ மலத்தையோ அடக்க இயலவில்லை என்பதை அவள் சொல்லாதவரை, அக்குறை பிறர் கண்ணுக்குப் புலனாவதில்லை. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் அச்சொல் சில வேளைகளில் இரு மொழிகளைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. இக்காயத்தின் மருத்துவ வரலாற்றையும் அதனையொட்டிய சொல்வழக்கையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தையலும் அதன் பின்னும்

கிழிவைத் தைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் தோன்றிய மகளிர் மருத்துவ நூலொன்று, துரோத்தா என்னும் பெண் மருத்துவரின் பெயரோடு தொடர்புடையது. கிழிவைப் பட்டுநூலால் தைக்குமாறு அது கூறுகிறது. எட்டு அல்லது ஒன்பது நாள் தாய் படுக்கையிலேயே இருத்தல் வேண்டும், இருமலைத் தூண்டுவனவற்றையும் எளிதில் செரிக்காதவற்றையும் விலக்குதல் வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. தையலோடு மருத்துவம் முடிவதில்லை என்னும் உணர்வு அந்நூலிலேயே காணப்படுகிறது.

அவ்வுணர்வு முறையான கண்காணிப்பாக வளர நெடுங்காலம் ஆயிற்று. இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் 1948இல் வெளியிட்டார். 1993இல் இங்கிலாந்தில் சுல்தானும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், முதற்பேறு கண்ட 79 பெண்களுள் 35 விழுக்காட்டினருக்குச் சுருக்குத்தசைச் சிதைவு இருந்தது மீயொலிப் படத்தால் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு என்பதை இவ்வாய்வு நிறுவியது. 1999இல் சுல்தான் வகுத்த பாகுபாடு இன்று பரவலாக வழங்குகிறது. தோல் மட்டும் கிழிவது முதற்படி. தசையும் கிழிவது இரண்டாம் படி. சுருக்குத்தசை கிழிவது மூன்றாம் படி. மலக்குடலின் உட்படலமும் கிழிவது நான்காம் படி. மூன்றாம் படி மேலும் மூன்றாகப் பகுக்கப்படும்.

உரிய முறையில் தைக்கப்பட்ட பெண்களுள் 60 முதல் 80 விழுக்காட்டினர் ஓராண்டு நிறைவில் தொல்லையின்றி இருப்பதாக இங்கிலாந்து மகப்பேற்று மருத்துவக் கல்லூரியின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. எஞ்சியோரைக் கண்டறிவதே பின்கவனிப்பின் பணியாகும்.

3. தமிழில் பேற்று மருத்துவம்

மேலை மருத்துவத்தைத் தமிழில் தந்த முன்னோடி, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன் (1822-1884) ஆவார். மான்செல் எழுதிய நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வெளிவந்தது. தமிழில் சொல் கிடைக்காதபோது வடமொழியையும், அதன்பின்னரே ஆங்கிலத்தையும் நாடுவது அவரது கொள்கை. மருத்துவ மாணவர் தம் மொழியில் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். நோயாளியின் வழக்கிலிருந்து மருத்துவரின் வழக்குக்குச் செல்லும் எதிர்த்திசை மொழிபெயர்ப்பு இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

சென்னை எழும்பூரில் அரசு மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கப்பெற்றது. வட ஆர்க்காட்டில் ஐடா ஸ்கடரின் முயற்சியால் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இலும் எழுந்தன. ஆண் மருத்துவரை நாட மறுத்ததால் பேற்றில் இறந்த பெண்களே தம்மை இப்பணிக்கு ஈர்த்தனர் என்று அவர் கூறி வந்தார். நாணம் உயிரைப் பறித்த அந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் தையலுக்குப் பின்வரும் குறையைச் சொல்ல முடியாமற் செய்வதும் அதே நாணம்தான்.

4. எல்லைப் பகுதி

1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை, சித்தூரே வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுள் அடங்கிற்று. 1960இல் எல்லைத் திருத்தத்தால் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிர்வாக எல்லை மாறிற்றேயன்றி, வீட்டுமொழி அதற்கேற்ப மாறிவிடவில்லை. திருப்பதியில் சிறீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி 1960இலும், அப்பெயரிலேயே மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993இலும் தோன்றின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீட்டில் தமிழ் பேசும் பெண், தெலுங்கு வழங்கும் மகப்பேற்றுப் பிரிவுக்குச் செல்வது இப்பகுதியின் இயல்பான நிகழ்ச்சியாகும்.

5. சொற்களின் இயல்பு

இரு மொழிகளும் சில இடங்களில் அழகுற ஒத்துப் போகின்றன. பிள்ளை பெற்றவளைத் தமிழர் 'பச்சை உடம்புக்காரி' என்பர். தெலுங்கர் 'பச்சி பாலிந்த' என்பர். ஆறாத உடல் என்னும் கருத்து இரண்டிலும் ஒரே வேரால் உணர்த்தப்படுகிறது. மலங்கழித்தலைத் தமிழில் 'கொல்லைக்குப் போதல்' என்பதும் தெலுங்கில் 'தொட்டிகி' என்பதும் வீட்டின் பின்புறத்தையே சுட்டும் இடக்கரடக்கல்கள்.

ஒவ்வாத இடங்களே இடர் தருவன. 'வெளிக்குப் போகிறது' என்னும் தமிழ்த்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், தெலுங்கில் 'பயட்ட' என்னும் சொல் வரும். 'பயட்ட சேருதல்' அம்மொழியில் மாதவிலக்கைக் குறிக்கும். மலம் பற்றிய முறையீடு விலக்குப் பற்றியதாகக் கொள்ளப்பட இடமுண்டு.

தமிழுக்குள்ளேயே மயக்கம் உண்டு. 'பிரிதல்' என்னும் வினை காற்றுக்கும் வரும், தையலுக்கும் வரும். தையல் தானே பிரிதல் வேறு, மருத்துவர் பிரித்தெடுத்தல் வேறு. 'பிரிந்ததா?' என்று மட்டும் வினவின் விடை எதற்குரியது என்பது தெளிவாகாது. கிழிவின் ஆழத்தை 'மூன்றாம் நிலை' என்று பெயர்ப்பின், முற்றிவரும் நோய் என்ற அச்சம் எழலாம். 'படி' என்பது ஓரளவு பொருந்தும்.

உணவு அறிவுரையைப் 'பத்தியம்' என்று கூறுவதும் ஆராயத்தக்கது. பத்தியம் என்றவுடன் விலக்குதலே மக்கள் மனத்தில் தோன்றும். சில வீடுகளில் பெற்றவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பர். தைத்த காயத்துக்கோ மலம் இளகியிருத்தல் இன்றியமையாதது. அதற்கு நீரும் நார்ப்பொருளும் மலமிளக்கியும் வேண்டும். குறைக்கச் சொல்லும் சொல்லால் கூட்டச் சொல்வது பயன் தராது.

6. பின்கவனிப்பில் மொழி

ஆழ்ந்த கிழிவுற்றவரை 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் பரிசோதித்தல் வேண்டும் என்பது இன்றைய நெறி. குறை இருப்பின் மீயொலிப் படமும் அழுத்த அளவீடும் செய்து, அடுத்த பேறு எம்முறையில் அமையலாம் என்பதையும் கலந்து முடிவு செய்வர். இந்தியாவில் 2011இல் வகுக்கப்பட்ட, பச்சிளங்குழந்தைக்கான ஆஷா பணியாளரின் இல்ல வருகை 42ஆம் நாளோடு நிறைவுறுகிறது. பரிசோதனைக்குரிய காலம் தொடங்கும்போதே வருகை முடிந்துவிடுகிறது. எனவே 42ஆம் நாள் கேட்கப்படும் வினா முக்கியமானது. 'நலமா?' என்னும் வினாவுக்கு 'நலம்' என்பதே விடையாகும். 'உங்களை அறியாமல் காற்றுப் போகிறதா? கொல்லைக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் அடக்க முடிகிறதா? துணியில் கறை படுகிறதா?' என்று தாயின் வழக்கிலேயே தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

7. முடிவுரை

தையற்கலை எட்டு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. காயத்தைப் படியிட்டு அறிந்தது அண்மையில். இவ்விரண்டின் பயனும் தாய்க்குச் சென்று சேர, அவள் கூறுவதற்குரிய சொல்லும் அச்சொல்லைப் பிழையின்றிப் பெயர்ப்பவரும் வேண்டும். கிறீன் மருத்துவருக்காகத் தொகுத்ததைப் போன்று, தாய்மாருக்காகத் தமிழ், தெலுங்கு இருமொழிச் சொற்றொகுதியொன்று இப்பகுதியின் வழக்கிலிருந்தே தொகுக்கப்பட வேண்டும். அகராதிச் சொல்லினும் வீட்டுச்சொல்லே அதில் முதலிடம் பெறத் தக்கது.