கைமாறி வந்த கைப்பேசி



நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதச் சொன்னால் நம்மில் பலரும் 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் தொடங்குவோம். பேச்சிப்பாறை அணைக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்த கதையைச் சொல்லி முடிப்போம். மலர்க்குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்ததோ ஒரு பழைய நோக்கியா 1100! ராஜாக்களின் வரலாற்றை எழுத ஆளிருக்கிறது. நம் சட்டைப்பையில் கிடந்த சாமானின் வரலாற்றை யார் எழுதுவது? நான் பொறியாளன்தான், வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஆகவே ஒரு கருவி எப்படி வேலை செய்தது, அதனால் நம் ஊரில் என்ன மாறியது என்ற அளவில் சொல்லுகிறேன். பொறுமையாய்ப் படியுங்கள்.

பி.பி. நம்பர் காலம்

1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, இந்தியாவில் 100 பேருக்கு 0.8 தொலைபேசிதான் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. கணக்குப் போட்டால் 125 பேருக்கு ஒன்று. அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். போன் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். "பத்து நிமிசம் கழிச்சு கூப்பிடுங்க, ஆள விட்டுக் கூட்டிட்டு வாறோம்" என்பார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளையின் குரலைக் கேட்க, ஓர் அம்மா அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பாள். நாலு பேர் முன்னால் எதைப் பேச முடியும்? "சுகமா இருக்கியா மக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். ஆனால் அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பேசுகிறவருக்கும் காசு, கேட்கிறவருக்கும் காசு! 1999இல் புதிய கொள்கை வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்செல் சேவை தொடங்கியது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை வந்தது. 2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றானது.

என்னைக் கேட்டால், நம்மூர்ச் சாதாரண வீட்டுக்குள் செல்போன் நுழைந்த நாள் அந்த மே 1தான். 'கூப்பிட வசதியில்லை, ஆனால் கூப்பிட்டால் எடுப்பேன்' என்று சொல்லும் உரிமை அன்றுதான் ஏழைக்குக் கிடைத்தது. 'மிஸ்டு கால்' என்ற மொழியும் அப்படிப் பிறந்ததுதான். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிம் கார்டு செய்த புண்ணியம்

சேவை மலிந்தாலும் கருவி மலியவில்லையே! புது போன் வாங்கப் பலருக்கு வசதியில்லை. அங்கேதான் பழைய போன் கைகொடுத்தது. பழைய போனுக்கு ஒரு சந்தையே உண்டானதற்குக் காரணம் விரல்நகம் அளவு அட்டை ஒன்று.

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் ஜி.எஸ்.எம். முறையில் முதல் அழைப்பு நடந்தது. அந்த முறையை வகுத்தவர்கள் வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கருவிக்குள் எழுதாமல், கழற்றி மாட்டக்கூடிய சிம் கார்டில் வைத்தார்கள். ஆள் வேறு, கருவி வேறு. எண்ணை நீங்களே வைத்துக்கொண்டு போனை விற்கலாம். வாங்கியவர் தம் சிம்மைப் போட்டால் அந்த நிமிடமே அது அவருடைய போன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2003 ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் போன் என்று ரிலையன்ஸ் ஒரு திட்டம் அறிவித்தது நினைவிருக்கும். அது சி.டி.எம்.ஏ. முறை. அந்தப் போன்களில் எண் கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவை அவ்வளவு எளிதாகக் கைமாறவில்லை. ஒரு தொழில்நுட்ப முடிவு ஏழைக்குச் சந்தையைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிட்டும்?

2003இல் வெளிவந்த நோக்கியா 1100 இந்தச் சந்தைக்கென்றே செய்ததுபோல அமைந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, 86 கிராம் எடை, தூசி புகாத ஒரே தகடான ரப்பர் விசைப்பலகை, தலையில் ஒரு டார்ச் விளக்கு. உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேல் விற்றது. கீழே போட்டால் மூன்று துண்டாகப் பிரியும், எடுத்துச் சேர்த்தால் மறுபடி பேசும்!

வாங்கிய விதம்

நான் 2005இலிருந்து 2009 வரை இங்கே படித்தவன். இரண்டாம் ஆண்டில் வடசேரி பக்கம் ஒரு சிறு கடையில் என் 1100ஐ வாங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பழைய போன்கள். பல வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் விற்றவை. கடைக்கார அண்ணாச்சி, "மக்கா, பயப்படாண்டாம். போன் கொள்ளாம். பேனல் மட்டும் புதுசு, உள்ளே உள்ளதெல்லாம் கம்பெனி சாமான்" என்றார். விலை 1,400 ரூபாய் சொன்னார், 1,250க்குப் படிந்தது.

அன்றைக்கு நாங்கள் செய்த சோதனைகளை இந்நாள் மாணவர்களுக்காகச் சொல்லுகிறேன். முதலில் பாட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சுண்ட வேண்டும். பம்பரம்போல் சுற்றினால் வயிறு ஊதியிருக்கிறது என்று பொருள், வாங்கக் கூடாது. (2007 ஆகஸ்டில் நோக்கியாவே 4 கோடியே 60 லட்சம் பி.எல்.-5சி பாட்டரிகளைச் சூடேறும் அபாயம் கருதி மாற்றித் தர முன்வந்தது.) அடுத்து, ஸ்டார், ஹாஷ், 0, 6, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பாட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் 8 இலக்கம் கருவியின் வகை, அடுத்த 6 அதன் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றினால் கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். எண்கள் ஒத்துப்போகவில்லையென்றால் திருட்டுப் போனாக இருக்கலாம், இல்லை பலகை மாற்றியதாக இருக்கலாம். ஐ.எம்.இ.ஐ. இல்லாத போன்களின் சேவையை 2009 நவம்பர் 30க்குப் பின் நிறுத்த அரசு உத்தரவிட்டபோது இந்த அறிவு பலருக்குப் பயன்பட்டது.

எல்லை தெரியாத கோபுரம்

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தனித் தொல்லையும் இருந்தது. 1956இல் மனிதர்கள் போராடிப் போட்ட எல்லை செல்போன் கோபுரத்துக்குத் தெரியாதல்லவா? களியக்காவிளைப் பக்கத்து நண்பன் வீட்டு முற்றத்தில் நின்றால் தமிழ்நாடு, பின்கட்டில் போய் நின்றால் கேரளம்! சொந்த வட்டத்து அலை கிடைக்காத இடத்தில் போன் பக்கத்து மாநில அலையைப் பிடித்துக்கொள்ளும். 'ரோமிங்' ஆகிவிட்டால் வருகிற அழைப்புக்கும் காசு போய்விடும். "லேய், பின்னாடி போய்ப் பேசாத, முன்னால வா" என்று அவனுடைய அப்பா சத்தம் போடுவது இன்றும் காதில் கேட்கிறது.

ஆனாலும் இந்தப் பழைய போன் நம் மண்ணில் நன்றாக வேரூன்றியது. குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு அது விளக்கு. தோவாளைப் பூ வியாபாரிக்கு அது விலைப் பலகை. குளச்சல், முட்டம் மீனவருக்குக் கரை நெருங்கும்போதே ஏலக்காரரிடம் விலை கேட்கும் கருவி. இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் வட கேரளத்து மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செல்போன் வருமுன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள், பக்கத்துக் கரையில் மீனில்லாமல் தவித்தார்கள். பிடித்ததில் 5 முதல் 8 விழுக்காடு வீணானது. போன் வந்தபின் அந்த வீண் ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. இருவருக்கும் லாபம்!

35 கிலோமீட்டருக்கு அப்பால்

இத்தனை புகழையும் சொன்ன நான், அந்தப் போன் கைவிட்ட இடத்தையும் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது.

ஜி.எஸ்.எம். கோபுரம் ஒரே அலைவரிசையைப் பல போன்களுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறது. தூரத்துப் போனின் அலை வந்து சேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட 63 படிகள் மட்டுமே உண்டு, ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சாதாரண முறையில் அமைந்த கோபுரத்தோடு அதற்கு அப்பால் பேச முடியாது. கோபுரம் எவ்வளவு சக்தியுடையதானாலும் சரி, போன் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் சரி. நடைமுறையில் கடலில் அந்த 35ம் கிடைப்பதில்லை.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒகி புயல் குமரிக்கடலில் உருவாகி மிக விரைவாக வலுத்தது. தூத்தூர்ப் பகுதி விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவை. அவர்களிடம் செல்போன் இல்லாமல் இல்லை. ஆனால் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. என் வகுப்புத் தோழன் ஒருவன் கடற்கரை ஊர்க்காரன். கடலுக்குப் போன அண்ணனின் எண்ணை அவன் இரண்டு நாள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் அதே பதிவுக் குரல்: 'தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்.' அண்ணனின் படகு லட்சத்தீவில் கரை ஒதுங்கியது. பிழைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி ஆளை இழந்தன.

இதற்குப் பின்தான் இஸ்ரோவின் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் சாட்டிலைட் போன்களும் மீனவர் கைக்கு வரத் தொடங்கின. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையை வாங்கிப் படகிலுள்ள செல்போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. மீனவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1995இல் 16 ரூபாய் கொடுத்துப் பேசியவரைப்போல, அப்போது கடலிலிருந்து இருவழியாகப் பேசச் செலவழிக்கக்கூடியவர் சிலராகவே இருந்தனர்.

இன்றைய நிலை

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஏர்செல் 2018இல் திவாலானது. பழைய போன் சந்தை மட்டும் சாகவில்லை, இன்று தொடுதிரைப் போன்கள் கைமாறுகின்றன. வாங்கும் தம்பி தங்கையர் ஒன்று செய்யுங்கள்: 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடக்கப்பட்ட எண்ணா என்பது தெரிந்துவிடும். மேசைமேல் சுண்டிப் பார்க்கத்தான் பாட்டரி இப்போது கழற்ற வராது!

இன்னொன்றும் கேட்கிறேன். ஆண்டுதோறும் நம் துறையில் இறுதியாண்டுப் புராஜெக்டுகள் பல செய்யப்பட்டு அலமாரியில் தூங்குகின்றன. முட்டத்துக் கலங்கரை விளக்கத்தடியில் நின்றால் தெரியும் அந்தக் கடல்தான் நமக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். ஒரு வள்ளக்காரர் 1,250 ரூபாய்க்கு வாங்கி, கீழே போட்டாலும் எடுத்துச் சேர்த்து, நடுக்கடலிலிருந்து "நான் இங்கே இருக்கேன்" என்று சொல்லக்கூடிய ஒரு கருவி இன்னும் வரவில்லை. அதைச் செய்ய முனைகிற மாணவருக்கு உதவ முன்னாள் மாணவர்கள் நாங்கள் பலர் இருக்கிறோம். எங்கள் எண்களெல்லாம் இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் உள்ளன. மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நாங்களே கூப்பிடுகிறோம்.