பலாலியிலிருந்து மீனம்பாக்கம் எவ்வளவு தூரம்?

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் போனால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இந்தத் தூரங்கள் என்றைக்கும் மாறியதில்லை. ஆனால் போய்ச்சேர எடுத்த நேரம் எங்கள் ஆயுட்காலத்திலேயே எத்தனையோ தரம் மாறிவிட்டது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படைக்காகப் போடப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, எங்கள் பலாலியில் இறங்கி, பிறகு மெட்ராஸ் போனது. இலங்கை சுதந்திரம் பெற அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த டகோட்டா விமானம் மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் போகும். பலாலியிலிருந்து மெட்ராசுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

காசு குறைந்தவர்களுக்குத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் அங்கிருந்து ரயிலும் இருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1979இல் எயர் லங்கா வந்தது, எயர் சிலோனின் காலம் முடிந்தது. பின்னர் யுத்தம். பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990இல் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வருவது நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மாமா சென்னையில் காலமானார். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மா தன் கூடப்பிறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்குக் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, வவுனியா போய், கொழும்பு போய், விசா எடுத்து, கட்டுநாயக்காவில் பிளேன் ஏற வேண்டும். முப்பத்தொன்றுக்குக்கூடப் போய்ச்சேர முடியுமோ என்ற நிலை. அம்மா போகவில்லை.

வரைபடத்தில் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு கீறிப் பாருங்கள். அது யாழ்ப்பாணத்துக்கு மேலாலேயே போகும். வடக்கே போவதற்காகத் தெற்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், பிறகு சொந்த ஊரின் தலைக்கு மேலால் பறந்தார்கள் எங்கள் சனம். 355 கிலோமீற்றர் ஆயிரமானது இப்படித்தான்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவு. 1947இல் டகோட்டா எடுத்த நேரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எழுபது வருட விஞ்ஞானம் எங்களுக்குச் சம்பாதித்துத் தந்தது நிமிடக் கணக்கில்கூட இல்லை. இழந்தது திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

திருச்சிக்கு இன்னும் கிட்ட, நேர்கோட்டில் இருநூறு கிலோமீற்றரும் இல்லை. 2025 மார்ச் கடைசியிலிருந்து அதற்கும் விமானம் உண்டு. அக்கரையில் உறவு உள்ளவர்கள், உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நல்லது கெட்டதுக்குப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.